புதுப்பிப்பு: அரங்கின் எல்இடி பட்டை சரியாகிவிட்டது

கண்காட்சி அரங்கின் பின்சுவரில் ஒட்டிய நிறம் மாறும் எல்இடி பட்டையில், வெள்ளை வைத்தால் கடைசி ஒரு மீட்டர் மட்டும் செம்மஞ்சளாகத் தெரிகிறது என்று போன முறை கேட்டிருந்தேன். காரணம் மின்னழுத்த இறக்கம்தான். 5 வோல்ட் பட்டையில் தூரம் போகப் போக அழுத்தம் குறையும், சிவப்புக்குக் குறைந்த அழுத்தமே போதும் என்பதால் அது எரிந்துகொண்டிருக்க, நீலமும் பச்சையும் முதலில் மங்கிவிடுகின்றன. அதே பவர் சப்ளையிலிருந்து தடிமனான ஒயர் இழுத்து மறுமுனையிலும் மின்சாரம் கொடுத்தேன், சரியாகிவிட்டது.

அப்புறம், மேசைக்கு மேலே தனி வெள்ளை விளக்கு போட்டுவிட்டேன். மூன்று நிறம் கலந்த வெள்ளையில் எங்கள் துணி மாதிரிகளின் உண்மையான நிறமே தெரியவில்லை, மெரூன் கிட்டத்தட்ட பழுப்பாக இருந்தது! பின்சுவர் மட்டும் நீலத்திலிருந்து பச்சைக்கு 20 வினாடியில் மெதுவாக மாறுகிறது, அதற்கு மேல் வேகம் வேண்டாம், வந்தவர்கள் பேச்சை விட்டுவிட்டுச் சுவரையே பார்க்கிறார்கள்.