ராலி கிளட்ச் போட்ட சீடியாவைத் தினமும் ஊருக்குள் ஓட்டுகிறேன், பிளேட்டை மாற்றவா வேண்டாமா?

சிங்காநல்லூர்_சீடியா:

எல்லோருக்கும் வணக்கம். நான்கு மாதம் முன்பு ஒரு 2008 மிட்சுபிஷி சீடியா வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் ராலிக்காகத் தயார் செய்த வண்டி. விற்கும்போது ரோல் கேஜை (கவிழ்ந்தால் காக்கும் கம்பிக் கூண்டு) கழற்றிவிட்டு, பின் சீட்டைத் திரும்பப் பொருத்திக் கொடுத்தார். கிளட்ச் மட்டும் அப்படியே இருக்கிறது. ஆறு செராமிக் துண்டுகள் (பட்டன்) பதித்த பிளேட், அதன் நடுவில் அதிர்ச்சியை வாங்கும் ஸ்பிரிங் இல்லாத ஹப், பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் கனமான பிரஷர் பிளேட், லேத்தில் கொடுத்து எடை குறைத்த ஃப்ளைவீல் (இன்ஜினோடு சுழலும் கனச் சக்கரம்). இதையெல்லாம் மறைக்காமல் சொல்லித்தான் விற்றார்.

கல்லூரி நாட்களில் கோவை ராலி பார்க்கப் போய், புழுதியோடு சீடியாக்கள் வளைவில் திரும்புவதைப் பார்த்த நாளிலிருந்து இந்த வண்டி மேல் ஆசை. நம் திருவள்ளூர் தொழிற்சாலையில் இருந்து வந்தது என்பதில் ஒரு தனிப் பெருமையும் உண்டு. அதனால் விற்கும் எண்ணம் இல்லை.

வீடு சிங்காநல்லூர், வேலை பீளமேடு. காமராஜர் சாலையில் போய் ஹோப் காலேஜில் திரும்ப வேண்டும். காலை எட்டரைக்குப் பள்ளிப் பேருந்துகளோடு சேர்ந்து ஊர்ந்துதான் போக முடியும். இந்தக் கிளட்சில் ஹாஃப் கிளட்ச் என்பதே கிடையாது. பெடலை விட்டுக்கொண்டே வந்தால் ஒரு விரல்கடை தூரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். பிளேட் பிடிக்கும், அல்லது பிடிக்காது. மெதுவாக விட்டால் வண்டி முழுவதும் டடடடவென்று அதிர்கிறது. உள் கண்ணாடியில் பின்னால் நிற்கும் பஸ் இரண்டு பஸ்ஸாகத் தெரியும். வேகமாக விட்டால் குதிக்கும். ஆக்ஸிலேட்டர் கொஞ்சம் குறைந்தாலும் ஆஃப் ஆகிவிடும்.

போன புதன்கிழமை எண்ணிக்கொண்டே போனேன். வீட்டு வாசலில் இருந்து ஆபீஸ் பார்க்கிங் வரை 83 முறை கிளட்ச் மிதித்திருக்கிறேன். அதில் 31 முறை நின்ற இடத்தில் இருந்து கிளப்பியது. இடது முட்டியில் மாலையானால் வலி. அம்மாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போனபோது, "ஏன் சாமி, வண்டிக்கு இருமலா?" என்று கேட்டார். சொட்டு மருந்து விட்டுத் திரும்பும்போது கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். அது எனக்குக் கஷ்டமாகிவிட்டது.

ஆனால் ஞாயிறு விடியற்காலை ஆனைகட்டி சாலையில் ஏறும்போது இதே கிளட்ச் வேறு மாதிரி. இரண்டில் இருந்து மூன்றுக்குப் போடும்போது கை நகர்வதற்கு முன்பே கியர் விழுந்த மாதிரி இருக்கும். நடுவில் துளி இடைவெளி இல்லை. அந்தச் சுகத்தை இழக்கவும் மனம் வரவில்லை.

ஓட்டும் முறையை மாற்றினால் சமாளிக்கலாமா, இல்லை பிளேட்டை மாற்றித்தான் ஆக வேண்டுமா? இப்படி ஒரு வண்டியைத் தினமும் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

ஓஎம்ஆர்_டர்போ:

நண்பரே, மூன்று வருடம் ஆறு பட்டன் பிளேட்டோடு கந்தன்சாவடிக்கும் நாவலூருக்கும் போய் வந்தவன் நான். என் வண்டியில் டர்போ போட்டு முறுக்கு விசை 300 நியூட்டன் மீட்டரைத் தாண்டிவிட்டேன், எனக்கு வேறு வழி இல்லை. முதலில் ஓட்டும் முறையைச் சொல்கிறேன்.

மெதுவாக விடுவதுதான் மரியாதை என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். இந்த வகைப் பிளேட்டுக்கு அது ஒத்துவராது. நழுவ விட்டால்தான் அதிரும், சூடாகும், ஃப்ளைவீலைத் தின்னும். ஆர்பிஎம்மை 1,700, 1,800 பக்கம் நிலையாக வைத்துக்கொண்டு, பிடிக்கும் இடம் வரை சட்டென்று வந்து, அங்கே ஒரு கண்ணிமைப்பு நிறுத்தி, முழுசாக விட்டுவிடுங்கள். நெரிசலில் முன்னால் இரண்டு கார் நீளம் இடம் கிடைக்கும் வரை நகராதீர்கள். ஆட்டோ புகுந்தால் புகுந்துவிட்டுப் போகட்டும். நகர்ந்தால் முதல் கியரில் கிளட்சை முழுசாக விட்டு உருள விடுங்கள். ஏற்றத்தில் எப்போதும் ஹேண்ட்பிரேக்.

சீட்டை இரண்டு பல் முன்னால் நகர்த்துங்கள். பெடல் அடி வரை போனபோதும் முட்டி கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். கணுக்காலால் மிதிக்காமல் தொடையால் மிதித்தால் வலி பாதியாகும்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். சிக்னலில் கிளட்சை மிதித்துக்கொண்டு நிற்கவே கூடாது. கனமான பிரஷர் பிளேட்டை நீங்கள் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த விசை கிராங்க் ஷாஃப்டை (இன்ஜினின் முதன்மைத் தண்டு) முன்னால் தள்ளுகிறது. அதைத் தாங்குவது பிறை நிலா வடிவத்தில் இருக்கும் மெல்லிய த்ரஸ்ட் வாஷர்கள். மத்திய கைலாஷ் சிக்னலில் மிதித்துக்கொண்டே நின்று நின்று என் இன்ஜினில் அவை தேய்ந்துபோயின. முழு இன்ஜினையும் இறக்க வேண்டியதாயிற்று. உங்களுடையதை இன்றே பாருங்கள்: இன்ஜினை அணைத்துவிட்டு ஒருவர் கிளட்சை மிதித்து மிதித்து விட வேண்டும், இன்னொருவர் அந்தத் தண்டின் முன்முனையில் இருக்கும் கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். புல்லி உள்ளே வெளியே நகர்வது கண்ணுக்கே தெரிந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

நான்காம்_கியர்:

ஊருக்குள் ஓட்ட ஒரு பழைய ஆல்டோ வாங்கிக்கொண்டு, சீடியாவை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிளட்சில் கை வைக்க வேண்டாம்.

சிங்காநல்லூர்_சீடியா:

வீட்டு முன்னால் ஒரு வண்டிக்குத்தான் இடம் அண்ணா. அதோடு, இந்த வண்டியைத் தினமும் ஓட்டத்தான் வாங்கினேன்.

டர்போ அண்ணா, புல்லியைப் பார்த்துவிட்டேன். தம்பி மிதிக்க, நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். அசைவு தெரியவில்லை. சீட்டை நகர்த்தியதில் முட்டிக்குப் பரவாயில்லை. நீங்கள் சொன்ன மாதிரி விட்டால் அதிர்வு குறைந்திருக்கிறது. ஆனால் ரிவர்ஸில் மட்டும் என்ன செய்தாலும் குதிக்கிறது. எங்கள் சந்தில் இருந்து தினமும் ரிவர்ஸில்தான் வெளியே வர வேண்டும்.

பட்டறை_அண்ணன்:

தம்பி, நான் கோவையில் 30 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். செட்டிபாளையம் ட்ராக் வந்த காலத்தில் இருந்து பந்தய வண்டிகளுக்கும் வேலை செய்திருக்கிறேன்.

ஒரு கிளட்ச் எவ்வளவு முறுக்கு விசையைத் தாங்கும் என்பதற்கு நாலு கணக்குதான். பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, ஃபேசிங்கின் (பிளேட்டின் உராயும் மேற்பரப்பு) உராய்வு, பிளேட்டின் ஆரம், உராயும் முகங்கள் எத்தனை. கம்பெனியில் இருந்து வரும் ஆர்கானிக் (நாரும் பிசினும் கலந்த) ஃபேசிங்கின் உராய்வு எண் 0.3 பக்கம் இருக்கும். செராமிக் 0.4, 0.5 என்று போகும். அத்தோடு பிரஷர் பிளேட்டையும் கனமாக்கினால் தாங்கும் திறன் இரட்டிப்பாகும். உங்கள் இன்ஜின் எவ்வளவு? 115 குதிரை, 175 நியூட்டன் மீட்டர். நல்ல ஆர்கானிக் பிளேட் இதைத் திணறாமல் தாங்கும்.

அப்படியென்றால் ராலிக்காரர் ஏன் போட்டார்? முறுக்கைத் தாங்க மட்டும் இல்லை, சூட்டைத் தாங்க. ராலியில் நேரம் பார்த்து ஓட்டும் ஒவ்வொரு பகுதியிலும் (ஸ்டேஜ்) 5,000 ஆர்பிஎம்மில் வைத்துக் கிளட்சை விட்டுக் கிளப்புவார்கள். வளைவில் ஹேண்ட்பிரேக் இழுத்துத் திருப்பி மறுபடி அப்படியே விடுவார்கள். அதில் ஆர்கானிக் பிளேட் கருகிப் பளபளவென்று ஆகிவிடும், அப்புறம் பிடிக்காது. செராமிக் சூடானாலும் பிடியை விடாது. ஆனால் ஊருக்குள் அந்தச் சூடே வருவதில்லை. லாரிக்காரர்களும்தான் பட்டன் பிளேட் ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு முதல் கியர் ஆமை வேகம், ஃப்ளைவீல் அம்மிக்கல் கனம். உங்களுக்கு ஃப்ளைவீலும் இளைத்துப் போயிருக்கிறது, ஹப்பில் ஸ்பிரிங்கும் இல்லை. கிளப்பும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள நடுவில் எதுவுமே இல்லை. ரிவர்ஸில் குதிப்பதும் அதனால்தான்.

கியர் சட்டென்று விழும் சுகத்தைச் சொன்னீர்கள். அது பட்டன் பிளேட் எடை குறைவாக இருப்பதால் வருவது. கிளட்சை மிதித்ததும் பிளேட்டின் சுழற்சி சீக்கிரம் அடங்கும், கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோவுக்கு வேலை குறைவு. அதில் கொஞ்சம் போகத்தான் செய்யும். மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

என் யோசனை: ஸ்பிரிங் வைத்த ஹப்போடு முழுவட்ட ஆர்கானிக் பிளேட், கம்பெனி பிரஷர் பிளேட், கம்பெனி ஃப்ளைவீல். பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டுக் கனமான பிரஷர் பிளேட்டை விட்டுவைத்தால் முட்டி வலி போகாது. ஃப்ளைவீலை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளினால் கியர்பாக்ஸை இரண்டு முறை இறக்க வேண்டும். பெடலை மிதித்தால் பிரஷர் பிளேட்டைத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கும் கிராங்கின் பின்பக்க ஆயில் சீலும் அதே கையோடு புதிதாகப் போட்டுவிடுங்கள். பழைய ஃப்ளைவீல் கிடைத்தால் முகத்தை லேத்தில் கொடுத்து மெல்லியதாகச் சீவிச் சமப்படுத்தாமல் ஏற்றாதீர்கள். ஸ்ப்ளைனில் (பிளேட் ஏறும் தண்டின் பற்கள்) கிரீஸ் ஒரு பொட்டு போதும், மிஞ்சினால் சுழன்று தெறித்து ஃபேசிங்கில் விழும். முதல் 800 கிலோமீட்டர் ஊருக்குள் மட்டும், முறுக்காமல் ஓட்டுங்கள். டவுன் நெரிசல்தான் புதுப் பிளேட் படிவதற்கு நல்லது.

ஓஎம்ஆர்_டர்போ:

அண்ணன் சொல்வதே சரி. சீடியா ஃப்ளைவீல் சென்னை புதுப்பேட்டைப் பழைய பாகக் கடைகளில் தேடிப் பார்க்கிறேன். அடுத்த வாரம் கோவை வருகிறேன், கிடைத்தால் டிக்கியில் போட்டுக்கொண்டு வருகிறேன்.

சிங்காநல்லூர்_சீடியா:

வேலை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. டர்போ அண்ணா கொண்டுவந்த ஃப்ளைவீலைத்தான் போட்டோம். பணம் வாங்கும்போது பெட்ரோல் காசைக் கூடச் சேர்த்துக்கொள்ளவில்லை அவர்.

கியர்பாக்ஸை இறக்கியபோது பக்கத்திலேயே நின்றேன். பழைய ஃப்ளைவீல் முகத்தில் மயில்கழுத்து நிறத்தில் ஏழெட்டுத் திட்டுகள். விரலால் தடவினால் மேடு தட்டுப்பட்டது. பிளேட்டில் இரண்டு பட்டன்களின் ஓரம் பெயர்ந்திருந்தது. இது நான் நழுவ நழுவ ஓட்டிய நாலு மாதத்தில் ஆனதா, முன்பே இருந்ததா என்று மெக்கானிக்காலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இப்போது பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறது. முதல் நாள் பழைய வேகத்தில் காலை விட்டு, வண்டி அலுங்காமல் நகர்ந்ததும் கியர் விழவில்லையோ என்று குனிந்து பார்த்தேன். ரிவர்ஸில் சந்தை விட்டு வழுக்கிக்கொண்டு வருகிறது. அம்மாவை நேற்று மறு பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். லட்சுமி மில்ஸ் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார்.

மூன்றாம் கியர் இப்போது ஒரு நொடியின் சிறு பங்கு காத்திருந்துதான் விழுகிறது. அது தெரிகிறது, வருத்தமாகவும் இருக்கிறது. பழைய பிளேட்டை எறியவில்லை. ஆயில் தடவி, காகிதம் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். இன்று வரை 620 கிலோமீட்டர். 800 ஆனதும் ஆனைகட்டி போய்விட்டு வந்து எழுதுகிறேன்.