ஷேப்ஃபைலை ராஸ்டரா மாத்தினா முழுக்க 0 வருது, எங்க தப்பு?

கேள்வி:
வணக்கம் எல்லாருக்கும். நிலப் பயன்பாட்டு பாலிகன் (பல கோண எல்லை வடிவம்) ஷேப்ஃபைல், அதாவது வரைபட வடிவங்களை வெச்சிருக்கிற ஃபைல் ஒண்ணு இருக்கு, அதை லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தோட 30 மீட்டர் பிக்சலுக்கு சரியா உக்கார்ற மாதிரி ராஸ்டரா, அதாவது பிக்சல் கட்டமா மாத்தணும். பைதானோட ஜியோபாண்டாஸ் லைப்ரரில ஃபைலை திறந்து, படத்தோட டிரான்ஸ்ஃபார்ம் (பிக்சல் பூமில எங்க உக்காருதுன்னு சொல்ற கணக்கு), உயரம், அகலம் எல்லாத்தையும் அப்படியே எடுத்து ராஸ்டரியோ லைப்ரரியோட ராஸ்டரைஸ் ஃபங்ஷனுக்கு கொடுத்தேன். எரர் எதுவும் வரல ஆனா அர்ரே முழுக்க 0. ரெண்டு நாளா இதுலயே நிக்கிறேன், யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.

பதில் 1:
ஷேப்ஃபைல், படம் ரெண்டோட சிஆர்எஸ்ஸையும் (இடத்தை எண்ணா குறிக்கிற ஆயத்தொலைவு முறை) ப்ரிண்ட் பண்ணி பாத்தீங்களா? லேண்ட்சாட் யூடிஎம்ங்கிற முறைல மீட்டர் கணக்குல இருக்கும், ஷேப்ஃபைல் 4326-ங்கிற அட்சரேகை-தீர்க்கரேகை முறையா இருந்தா அது டிகிரி கணக்கு, அப்போ பாலிகன் எல்லாம் படத்துக்கு வெளிய எங்கயோ போய் விழும், உள்ள ஒண்ணும் விழாததால 0 நிரப்பி கொடுத்துடுது. டூ_சிஆர்எஸ் போட்டு படத்தோட சிஆர்எஸ்ஸுக்கு மாத்திட்டு அப்புறம் ராஸ்டரைஸ் பண்ணுங்க. செட்_சிஆர்எஸ் மட்டும் போட்டுடாதீங்க, அது லேபிளைத்தான் ஒட்டும், எண்கள் மாறாது.

கேட்டவர்:
ஆமாங்க 4326 தான்! இப்ப வருது, ரொம்ப நன்றி. ஆனா ஒல்லியான வாய்க்கால் எல்லாம் துண்டு துண்டா வருதே?

பதில் 2:
பிக்சலோட நடுப்புள்ளி பாலிகனுக்குள்ள இருந்தாத்தான் அந்த பிக்சல் நிரம்பும், அதான் வழக்கமான விதி. 10 மீட்டர் அகல வாய்க்கால் பல இடத்துல நடுப்புள்ளிய தொடாமயே போயிடும். ராஸ்டரைஸ்ல ஆல்_டச்டு ஆப்ஷனுக்கு ட்ரூ கொடுத்தா தொட்ட பிக்சல் எல்லாம் நிரம்பும், வாய்க்கால் ஒட்டி வரும், ஆனா பரப்பளவு ஊதிடும், அதை வெச்சு ஏக்கர் கணக்கு போடாதீங்க. பரப்பு பாலிகன்லயே எடுங்க. பிக்சலுக்குள்ள எவ்ளோ பங்கு தண்ணின்னு வேணும்னா, 3 மீட்டர் கட்டத்துல ராஸ்டரைஸ் பண்ணி 10க்கு 10 கட்டமா சராசரி எடுங்க, நான் எப்பவும் இப்படித்தான் பண்றேன். கட்டம் 100 மடங்கு ஆகும், அதனால படத்தை துண்டு போட்டு ஓட்டுங்க, மெமரி தாங்காது.

பதில் 3:
இன்னொண்ணு, பாலிகன் ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருந்தா கடைசியா வர்றதுதான் நிக்கும். அதனால பெரிய பாலிகன் முதல்ல சின்னது கடைசில வர்ற மாதிரி பரப்பு வாரியா சார்ட் பண்ணிடுங்க, இல்லனா குளமெல்லாம் வயலுக்கு அடியில காணாம போயிடும். உங்க நிலப் பயன்பாட்டு வகை எண் 255 தாண்டுதான்னும் பாருங்க, தாண்டினா யூஇன்ட்8 (255 வரைக்கும்தான் எண் வெச்சுக்கிற டேட்டா டைப்) பத்தாது, யூஇன்ட்16 வேணும்.