பேப்பர் எல்லாம் சரி, ஆனால் மனசு ஒப்பவில்லை. அட்வான்ஸ் கொடுக்கலாமா?

ஈரோட்டுக்காரன்:
பெருந்துறை பக்கம் ஒரு மனை பார்த்திருக்கிறோம். விலை படிந்துவிட்டது, பட்டா விற்பவர் பேரில் இருக்கிறது, 30 வருஷத்துக்கு வில்லங்கம் (அந்த இடத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டதில் ஒரு பதிவும் இல்லை. வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் எல்லோரும் நிற்கிறார்கள். எனக்கு மட்டும் இடத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மனசுக்கு என்னவோ போல இருக்கிறது. காரணம் சொல்லத் தெரியவில்லை. இதை நம்பி நல்ல இடத்தை விடலாமா?

தேன்மொழி:
விட்டுவிடுங்கள் அண்ணா. மனசு ஒப்பாத இடத்தில் கடைக்கால் தோண்டவே கூடாது.

மணல்மேடு:
அவ்வளவு சுலபமாக விடச் சொல்ல மாட்டேன். கேரி கிளைன் என்ற ஆய்வாளர் அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களிடம் பேசிப் பதிவு செய்த சம்பவம் ஒன்று உண்டு. சமையலறைத் தீ என்று உள்ளே போன அதிகாரி, என்னவோ சரியில்லை என்று தோன்றியதும் ஆட்களை வெளியே இழுத்தார், சற்று நேரத்தில் தரையே இடிந்து விழுந்தது. தீ அடித்தளத்தில் எரிந்திருக்கிறது. கூடம் அளவுக்கு மீறிச் சுட்டதையும், தீயின் சத்தம் கம்மியாக இருந்ததையும் அவர் அனுபவம் கவனித்துவிட்டது. ஆனால் 2009-இல் கிளைனும் உளவியலாளர் டேனியல் கானமனும் சேர்ந்து எழுதியது இதுதான்: ஒரே மாதிரியான சூழலில் நாள்பட்டுப் பழகி, செய்தது சரியா தப்பா என்று தெரிந்துகொண்டே வந்தவரின் உள்ளுணர்வைத்தான் நம்பலாம். நமக்கு இடம் வாங்குவது ஆயுசுக்கு ஒரு தடவை. அதனால் அன்று எதைப் பார்த்தீர்கள், யார் என்ன பேசினார்கள் என்று யோசியுங்கள்.

ஈரோட்டுக்காரன்:
விற்பவரின் தங்கை திண்ணையில் இருந்தார். "நீங்களும் இங்கேதானா?" என்று கேட்டேன், அவர் வாயைத் திறப்பதற்குள் புரோக்கர் "அவங்களைக் கட்டிக்குடுத்து ரொம்ப நாளாச்சு சார்" என்று என்னை நகர்த்திக்கொண்டு போய்விட்டார். இடம் அவர்கள் அப்பா சம்பாதித்து வாங்கியது, அவர் இறந்து பத்து வருஷம் இருக்கும்.

பத்திர எழுத்தர்:
தம்பி, இதுதான் உங்களை உறுத்தியிருக்கிறது. அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் சம பங்கு, கல்யாணம் ஆனதெல்லாம் கணக்கில் வராது. பட்டா அண்ணன் பேருக்கு மாறியதால் அந்தப் பங்கு போய்விடாது. அப்பா உயிரோடு இருக்கும்போதே இடத்தை மகனுக்கு செட்டில்மெண்ட் எழுதியிருந்தாலோ, தங்கை தன் பங்கை விட்டு விடுதலைப் பத்திரம் பதிந்து கொடுத்திருந்தாலோ வில்லங்கத்தில் வந்திருக்கும், உங்களுக்கு ஒன்றுமே வரவில்லை. வாரிசுச் சான்று கேளுங்கள், அம்மா இருந்தால் அவருக்கும் பங்கு உண்டு. உயில் இருக்கிறது என்று சொன்னால் அதை வக்கீலிடம் காட்டுங்கள். இல்லையென்றால் வாரிசுகள் எல்லோரும் கிரயத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அது முடிவாகும் வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.