ஜெர்மனியில் மாட்டிக்கொண்ட பார்சல், எங்கே தப்பு செய்தேன்?

களிமண்காரி:
மதுரையில் வீட்டிலிருந்தே டெரகோட்டா நகை செய்து விற்கிறேன், ஆர்டர் எல்லாம் இன்ஸ்டாகிராமில்தான். உள்ளூருக்கு அனுப்பிக் கை பழகிவிட்டது, வெளிநாட்டுக்கு இது இரண்டாவது பார்சல். ஜெர்மனியில் இருக்கும் ஒரு அக்கா 3 செட் வாங்கினார், 4,200 ரூபாய். கூரியரில் போட்டேன். அங்கே போனதும் வரியும் அதற்கு மேல் ஒரு கட்டணமும் கட்டினால்தான் கொடுப்போம் என்றிருக்கிறார்கள். "இதை முதலிலேயே சொல்லவில்லையே" என்று அவர் வாங்க மறுத்துவிட்டார். திரும்பி வரும் செலவும் என் தலையிலாம். இன்னொரு வயிற்றெரிச்சல்: பெட்டி 800 கிராம்தான், பில்லில் 3 கிலோ. அடுத்த தடவை ‘கிஃப்ட்’ என்று எழுதினால் வரி வராது என்கிறார்களே, உண்மையா?

தறிவீடு:
கிஃப்ட் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தச் சலுகை, தனியாள் தனியாளுக்குக் காசு வாங்காமல் அனுப்பும் 45 யூரோ வரையிலான பொருளுக்குத்தான். நீங்கள் விற்றிருக்கிறீர்கள், அது பொய்க்கணக்காகிவிடும். முன்பு 22 யூரோவுக்குள் என்றால் வாட் (மதிப்புக்கூட்டு வரி) இல்லாமல் போய்விடும், 2021 ஜூலை 1-ல் அது முடிந்தது. இப்போது ஜெர்மனி என்றால் 19 சதவீதம், சின்னப் பார்சலுக்கும் உண்டு. நானும் சுங்குடிச் சேலையை 800 டாலர் வரை வரியில்லை என்று சொல்லிச் சொல்லியே அமெரிக்காவுக்கு விற்றுக்கொண்டிருந்தேன், 2025 ஆகஸ்ட் 29-ல் அதற்கும் மூடுவிழா. அதனால் இப்போதெல்லாம் பணம் வாங்கும் முன்பே "உங்கள் நாட்டு வரி உங்களுடையது, விலையில் சேரவில்லை" என்று எழுதி, "சரி" என்று பதில் வந்த பிறகுதான் பெட்டி கட்டுகிறேன். எட்சி மாதிரி தளத்தில் விற்றால் 150 யூரோ வரை வாட்டை அவர்களே பிடித்துக்கொள்வார்கள், வாட் ஏற்கெனவே வாங்கியாயிற்று என்று காட்ட அவர்கள் தரும் ஐஓஎஸ்எஸ் எண்ணைக் கூரியரிடம் கொடுக்க மறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அப்புறம், பார்சல் அங்கிருந்து கிளம்பிவிட்டதா? கிளம்பவில்லை என்றால் வரியை நீங்களே கட்ட முடியுமா என்று கேளுங்கள். திரும்பி வரும் கூலியை விட அது குறைவாகத்தான் இருக்கும்.

பொம்மைக்கடை:
3 கிலோ கணக்கு நான் சொல்கிறேன். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். 30, 25, 20 என்றால் 15,000, அதாவது 3 கிலோ. அதுவும் நிஜ எடையும், எது கூடுதலோ அதற்குத்தான் பில். தங்கச்சி, நீங்கள் காற்றுக்குக் காசு கட்டியிருக்கிறீர்கள்! பயந்துபோய்ப் பெரிய பெட்டி எடுத்திருப்பீர்கள். நான் தஞ்சாவூர்ப் பொம்மை அனுப்புகிறவன், உடையும் பொருளுக்குப் பெரிய பெட்டிதான் எமன், உள்ளே உருளும். ஜிமிக்கியை ஒவ்வொன்றாகச் சுற்றி, கொக்கி மணியில் இடிக்காமல் நடுவில் பஞ்சு வைத்து, மூடிய பிறகு காதருகே வைத்துக் குலுக்குங்கள். சத்தம் கேட்டால் பிரித்து மறுபடியும் கட்டுங்கள்.

சுங்கப் படிவத்தில் வெறுமனே ‘நகை’ என்று எழுதினால் தங்கமா என்று கேள்வி வரும். ‘டெரகோட்டா செயற்கை நகை, 3 செட்’ என்று எழுதி, பொருளின் வகையைச் சுங்கத்துக்குச் சொல்லும் எச்எஸ் குறியீட்டை, 7117-ல் தொடங்குவதைப் போடுங்கள். ஏற்றுமதி செய்கிறவர்களுக்கான ஐஇசி எண் எடுத்தாயிற்றா? 500 ரூபாய், ஆன்லைனிலேயே வாங்கலாம். ஒன்றும் மாறாவிட்டாலும் வருடா வருடம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அந்த இணையதளத்துக்குள் போய் விவரங்களை உறுதி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் முடங்கிவிடும். 2 கிலோவுக்குள் என்றால் பார்சல் எங்கே போகிறது என்று பார்க்கக்கூடிய டிராக்டு பாக்கெட் அந்த நாட்டுக்குப் போகுமா என்றும் தபால் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள், எனக்குக் கூரியரை விட மலிவாக வருகிறது.

களிமண்காரி:
நன்றி அண்ணா, நன்றி தறிவீடு. ஐஇசி எடுக்கவே இல்லை, இன்று ராத்திரி உட்காருகிறேன். கூரியரைக் கூப்பிட்டேன், பார்சல் இன்னும் அங்கே கிடங்கில்தான் இருக்கிறதாம், வெள்ளிக்கிழமை வரை வைத்திருப்பார்களாம். அந்த அக்காவிடம் பேசினேன், வரியை ஆளுக்குப் பாதி போட்டுக்கொள்கிறோம். நாளை அனுப்பக் கட்டிவைத்திருந்த பெட்டியைக் குலுக்கிப் பார்த்தேன், கிலுகிலுப்பை மாதிரி சத்தம். பிரித்துக்கொண்டிருக்கிறேன்.