அனலைசர் திரையில கோடு மட்டும் நிக்குது, அவசரம்

கொட்டாஞ்சேனை_வயர்மன்:
அண்ணாமார், ஆராவது உதவுங்கோ. புறக்கோட்டையில பழசா ஒரு ஸ்பெக்ட்ரம் அனலைசர் எடுத்தனான், எந்த மீடிறன்ல எவ்வளவு சிக்னல் இருக்கு எண்டு காட்டுற பெட்டி. போட்டா குறுக்கால ஒரு கோடு மட்டும். அன்டெனா குத்தியாச்சு, தொடக்க நிலைக்குக் கொண்டுவாற பிரீசெட்டும் அடிச்சாச்சு, அதே கோடு. நாளைக்குப் பின்னேரத்துக்குள்ள கொண்டுபோனாத்தான் கடைக்காரர் திருப்பி எடுப்பார். என்ன பழுது?

வத்தளை_ரேடியோ:
என்ன மொடல்? என்ன அன்டெனா? எந்த மீடிறன் பாக்கிறீங்க?

லாப்_தம்பி:
அட்டனுவேட்டர், அதான் உள்ள வாற சிக்னலைக் குறைக்கிற பகுதி, எரிஞ்சிருக்கும். உள்ள 1 வாட்டுக்கு மேல, அதாவது +30 டிபிஎம்முக்கு மேல குடுத்தா அதுதான் முதல்ல போகும். பழசு வாங்கினா இதுதான் கதை.

பழைய_ஓம்:
தம்பிமார், காய்ச்சல் எவ்வளவு எண்டு பாக்காம மருந்து எழுதுறீங்க. வயர்மன், திரையின்ர அடியில இருக்கிற எழுத்தை வாசிச்சனீங்களா? இல்ல எண்டு தெரியும். கோட்டைத்தான் எல்லாரும் பாப்பினம்.

கொட்டாஞ்சேனை_வயர்மன்:
அஜிலன்ட் ஈ4402பி. ரீவி வயர்தான் போட்டிருக்கு. எஃப்எம் பாக்கத்தான்.

லாப்_தம்பி:
ரீவி வயர் 75 ஓம், அனலைசர் 50 ஓம். அதுதான் பிழை.

பழைய_ஓம்:
அதால சிக்னல்ல போறது 0.2 டிபி, கொஞ்சம்தான். கொழும்பு எஃப்எம் ஸ்டேஷன் எல்லாம் 0.2 டிபியில மறையுமோ?

வத்தளை_ரேடியோ:
எனக்கெண்டா சிக்னல் நொய்ஸுக்குள்ள மூழ்கியிருக்கும் போல. ஆர்பிடபிள்யூவை, அதான் ஒரு தரத்தில பாக்கிற மீடிறன் அகலத்தை, குறையுங்கோ. பத்தில ஒண்டாக்கினா நொய்ஸ் தளம் 10 டிபி இறங்கும். திரையை ஒருக்கா முழுக்க ஓடி முடிக்கிற சுவீப் நேரம் நூறு மடங்கு இழுக்கும், பொறுமையா இருங்கோ.

மொறட்டுவ_மாணவி:
விபிடபிள்யூவை, அதான் கோட்டை வழவழப்பாக்கிற வீடியோ ஃபில்டரை, குறைச்சாலும் நொய்ஸ் இறங்கும்தானே? நான் லாபில செய்தனான்.

வத்தளை_ரேடியோ:
இறங்காது தங்கச்சி. புல்லு மாதிரி நிக்கிறதை மழிச்சுவிடும், அவ்வளவுதான். சராசரி அங்கயேதான் நிக்கும்.

மொறட்டுவ_மாணவி:
டிபி அளவுகோல்ல சராசரி எடுத்தா நொய்ஸ் உண்மையைவிட 2.5 டிபி குறைவாத்தான் தெரியும். அப்ப "அங்கயே" எண்டு எப்பிடிச் சொல்லுவீங்க?

வத்தளை_ரேடியோ:
அது அளக்கிற பிழை, இறக்கம் இல்ல.

மொறட்டுவ_மாணவி:
திரையில குறைவாத் தெரியுதா இல்லையா?

பழைய_ஓம்:
சண்டையை அங்கால வையுங்கோ. வயர்மன், அடியில இடப்பக்கம் சென்டர் (நடு மீடிறன்) எண்டும் வலப்பக்கம் ஸ்பான் (திரை காட்டுற மீடிறன் அகலம்) எண்டும் இருக்கும். ரெண்டையும் அப்பிடியே எழுதிவிடும்.

கொட்டாஞ்சேனை_வயர்மன்:
சென்டர் 433.9 மெகாஹெர்ட்ஸ். ஸ்பான் 0 ஹெர்ட்ஸ்

பழைய_ஓம்:
பாத்தீரோ. ஸ்பான் பூச்சியம் எண்டா அது ஸ்பெக்ட்ரமே இல்ல. ஒரே மீடிறன்ல நிண்டு நேரத்தைக் காட்டுது. முன்னம் வச்சிருந்தவர் கேட் ரிமோட் பாத்திருப்பார் போல. அதையே யூசர் பிரீசெட்டாச் சேமிச்சும் வச்சிருக்கிறார். பிரீசெட் அமுக்கினா வலப்பக்கம் மூண்டு தெரிவு வந்திருக்குமே?

கொட்டாஞ்சேனை_வயர்மன்:
ஓம் வந்தது. மேல இருந்ததை அமுக்கினன்

பழைய_ஓம்:
அது பழைய ஆளின்ர. ஃபக்டரி பிரீசெட்டை அமுக்கும். பிறகு சென்டர் 98, ஸ்பான் 20 மெகாஹெர்ட்ஸ். 88இல இருந்து 108 வரைக்கும் முழுசா வரும். சிஸ்டம் மெனுவில பவர் ஒன் எண்டு ஒண்டு இருக்கு, அது "லாஸ்ட்"டில நிண்டா பிரீசெட்டுக்கு மாத்தும். இல்லாட்டி ஒவ்வொரு முறையும் விட்ட இடத்திலயேதான் எழும்பும்.

லாப்_தம்பி:
அட்டனுவேட்டரையும் ஒருக்காப் பாக்கிறது நல்லம்.

கொட்டாஞ்சேனை_வயர்மன்:
வந்திட்டுது!! முள்ளுமுள்ளா எல்லா ஸ்டேஷனும் நிக்குது. மாத்த முதல் எங்கட ரோலர் கதவு ரிமோட்டை முன்னால பிடிச்சு அமுக்கிப் பாத்தன், அந்தக் கோடு சீப்புப் பல்லு மாதிரி எழும்பி எழும்பி விழுந்தது. திருப்பிக் குடுக்கேல்ல. நன்றி அண்ணா

மொறட்டுவ_மாணவி:
நல்லது. வத்தளை அண்ணா, அந்த 2.5 டிபிக்கு இன்னும் பதில் வரேல்ல.