காதிரைச்சலுக்குப் ‘பழகிக்கொள்ளுங்கள்’ என்கிறார்கள், எப்படிப் பழகுவது?

பல்லடம் தறிக்காரன் கேட்டது:

வணக்கம். எனக்கு வயது 46. பல்லடம் பக்கத்தில் பன்னிரண்டு விசைத்தறிகள் வைத்துக் கூலிக்கு நெய்து கொடுக்கிறேன். அதற்கு முன் வேறொருவர் குடோனில் வேலை பார்த்த காலத்தையும் சேர்த்தால், தறிச்சத்தத்துக்கு நடுவே 24 ஆண்டுகள் கழிந்துவிட்டன. ஏழு மாதங்களுக்கு முன், ஆயுத பூஜைக்காகத் தறிகளை நிறுத்தியிருந்தபோதுதான் இரண்டு காதுகளிலும் சில்வண்டு கத்துவது போன்ற ஓர் ஒலி இருப்பதை முதன்முதலாகக் கவனித்தேன். இரண்டு நாளில் போய்விடும் என்று நினைத்தேன். இன்றுவரை ஒரு நொடிகூட நிற்கவில்லை. பகலில் தறி ஓடும்போது தெரிவதில்லை. இரவு பதினொரு மணிக்கு மேல் வீடு அடங்கியதும் அது ஒன்றுதான் உலகத்தில் இருப்பது போல் கேட்கிறது.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டினேன். செவிப்பறை நன்றாக இருக்கிறது, அழுக்கோ சீழோ இல்லை என்றார். கேட்கும் திறனைக் கோடாக வரைந்து காட்டும் ஆடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸ் அருகே இரண்டு காதுகளுக்கும் கோடு பள்ளமாக இறங்கியிருக்கிறது. “இது நரம்பு இரைச்சல், பழகிக்கொள்ளுங்கள்” என்று சொல்லி ஒரு மாதத்துக்கு ஜிங்கோ என்ற மூலிகை மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு மாதம் மூன்று மாதமானது, மாற்றம் ஒன்றுமில்லை. உறவினர் ஒருவர் பூண்டு காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடச் சொல்கிறார். இணையத்தில் வரும் விளம்பரங்களோ முப்பது நாளில் முழுக் குணம் என்கின்றன.

என் சந்தேகங்கள் இவைதாம். வெளியில் இல்லாத சத்தம் உள்ளே எப்படி வருகிறது? இதை நிறுத்த உண்மையிலேயே ஏதாவது மருந்து உண்டா? இல்லையென்றால், பழகிக்கொள்ளுங்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்களே, அதை எப்படிச் செய்வது என்று யாராவது விளக்க முடியுமா?

கேட்டலியலாளர் ஒருவரின் பதில்:

ஐயா, நான் ஆடியாலஜி படித்துப் பதினைந்து ஆண்டுகளாக இந்தத் துறையில் இருக்கிறேன். உங்களை நேரில் பரிசோதிக்காததால் உங்கள் மருத்துவருக்கு மாற்றாக எதையும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்டதை மட்டும் சொல்கிறேன்.

உள்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் உறுப்பில் மயிர்ச்செல்கள் வரிசையாக இருக்கின்றன. அந்தச் சுருளின் வாசற்பகுதி உயர்ந்த சுருதிக்கும் உள்முனை தாழ்ந்த சுருதிக்கும் உரியவை. பேரொலியில் நெடுங்காலம் இருப்பவர்களுக்கு முதலில் அடிபடுவது 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி என்பதால்தான் உங்கள் வரைபடத்தில் 4000 அருகே பள்ளம் விழுந்திருக்கிறது. அந்தப் பகுதியிலிருந்து மூளைக்குப் போக வேண்டிய செய்தி குறைந்ததும், மூளையின் கேட்டல் பாதை சும்மா இருந்துவிடுவதில்லை. வராத செய்தியைத் தேடித் தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. அப்போது நரம்புகளில் இயல்பாகவே எப்போதும் இருக்கும் சிறு துடிப்புகள்கூட ஒலியாக உணரப்படுகின்றன. பலருக்கும் இரைச்சலின் சுருதி, அவர்கள் கேட்கும் திறனை இழந்த அதே சுருதிப் பகுதியில் அமைவதை ஆய்வுக்கூடத்தில் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. கேட்டல் நரம்பை அறுத்த பிறகும் பலருக்கு இரைச்சல் தொடர்ந்திருப்பதால், அது காதிலிருந்து தொடங்கினாலும் குடியிருக்கும் இடம் மூளைதான் என்று கொள்ள வேண்டியிருக்கிறது. எண்ணெய் அந்த இடத்துக்குப் போகாது. தயவுசெய்து காதில் எதையும் விடாதீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு நேரான பதில்: காதிரைச்சலை நிறுத்துவதற்கென்று நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் அமைப்பு 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஜிங்கோ, துத்தநாகம், மெலடோனின் போன்றவற்றைக் காதிரைச்சலுக்காகப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே கூறுகிறது. முப்பது நாள் விளம்பரங்களைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் முக்கியமானது. பன்னிரண்டு தறிகள் ஓடும் குடோனில் நிற்கும்போது ஒரு தறியின் ஓசை மட்டும் சற்று மாறினாலும் நீங்கள் உடனே திரும்பிப் பார்ப்பீர்கள் அல்லவா? மற்ற பதினொன்றின் சத்தமும் அதே காதுக்குத்தான் வருகிறது. ஆனால் கெடுதல் இல்லை என்று மூளை முடிவு செய்துவிட்டதால் அவை உங்களுக்குக் கேட்பதில்லை. உங்கள் சில்வண்டு இப்போது பழுதான தறியின் பட்டியலில் இருக்கிறது. அதைப் பதினொன்றின் பட்டியலுக்கு மாற்றுவதற்குப் பெயர்தான் பழகுதல். காதிரைச்சல் ஆய்வாளர் பாவெல் யாஸ்ட்ரெபாஃப் 1990இல் முன்வைத்த கோட்பாட்டின் சாரமும் ஏறக்குறைய இதுவே: இரைச்சலைத் துன்பமாக்குவது கேட்டல் பாதை மட்டுமல்ல, அச்சத்தையும் எச்சரிக்கையையும் கவனிக்கும் மூளைப் பகுதிகளும் அதில் சேர்ந்துகொள்வதுதான்.

இதற்கு ஒரு சான்றும் உண்டு. வெளியொலியோடு ஒப்பிட்டு அளந்தால், பெரும்பாலோரின் இரைச்சல் அவர்கள் கேட்கக்கூடிய மிகக் குறைந்த ஒலியைவிடச் சில டெசிபெல்தான் கூடுதலாக இருக்கும். ஒரே அளவு இரைச்சலோடு ஒருவர் நிம்மதியாகத் தூங்குவதையும் இன்னொருவர் வேலையை விடும் நிலைக்கு வருவதையும் நான் அடிக்கடி பார்க்கிறேன். ஆகவே நாங்கள் சத்தத்தை மட்டும் அளப்பதில்லை. 1996இல் உருவாக்கப்பட்ட 25 கேள்விகள் கொண்ட ஒரு வினாப்பட்டியல் வழியாக, அது உங்கள் வாழ்க்கையை எவ்வளவு பிடித்துவைத்திருக்கிறது என்பதை 100 மதிப்பெண்ணுக்கு அளக்கிறோம். அடுத்த முறை போகும்போது அதைக் கேட்டு வாங்கி நிரப்புங்கள்.

சிகிச்சை என்று சொன்னால் மிக வலுவான ஆதாரம் இருப்பது அறிவுசார் நடத்தைச் சிகிச்சைக்கு, அதாவது துன்பம் தரும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் உளவியல் சிகிச்சைக்கு (CBT). மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 28 ஆய்வுகளையும் 2,733 பேரையும் சேர்த்துப் பார்த்து, வாழ்க்கையின் மீது இரைச்சல் ஏற்படுத்தும் பாதிப்பை அது குறைக்கிறது என்று கண்டது. சத்தத்தைக் குறைப்பது அதன் வேலையன்று என்பதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொண்டால் பிறகு ஏமாற்றம் இருக்காது.

ஓய்வு பெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்:

தம்பி, எனக்கு இது ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறது. பிரஷர் குக்கரில் ஆவி கசிவது போன்ற ஒலி, இடது காதில் சற்றுக் கூடுதலாக. அதனால் ஸ்கேன் எல்லாம் எடுத்து, கட்டி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். முதல் இரண்டு ஆண்டுகளில் நான் செய்த தவறுகளைச் சொன்னால் உனக்கு உதவியாக இருக்கும்.

தினமும் இரவு ஒரு நோட்டில் இன்றைய இரைச்சல் பத்துக்கு எத்தனை என்று எழுதி வைத்தேன். ஆசிரியப் புத்தி, எதையும் மதிப்பெண் போடாமல் விடாது. அதை எழுதுவதற்காகவே ஒவ்வொரு இரவும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது. பிரச்சினையை நானே பாடம் நடத்தி மூளைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதன்பின் சத்தத்துக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே காதடைப்பான் போடத் தொடங்கினேன். நான்கு மாதத்தில், எவர்சில்வர் தட்டு மேடையில் உரசினால்கூடத் தாங்க முடியாத அளவுக்குக் காது கூசிப்போனது. மறுபடி சாதாரண வீட்டுச் சத்தத்துக்குத் திரும்ப ஓராண்டு பிடித்தது. இடையில் ஒரு தனியார் சிகிச்சையகத்தில் சொட்டு மருந்துக்காக நான் செலவழித்த தொகையைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

எனக்கு வழி திறந்தது ஒரு மின்விசிறியால். படுக்கும் அறையில் முழு அமைதி வேண்டாம், தாழ்ந்த ஒரு பின்னணி ஒலி வை என்று என்னைப் பார்த்த கேட்டலியலாளர் சொன்னார். விசிறியோ, கைப்பேசியில் மழைச் சத்தமோ எதுவாக இருந்தாலும், இரைச்சலை முழுவதும் மூழ்கடிக்கும் அளவுக்கு வைக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து கேட்குமாறு, இரைச்சலைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்க வேண்டும். முழுதாக மறைத்துவிட்டால் மூளைக்கு அதைப் பழகிப் பார்க்கவே வாய்ப்பில்லை என்று அவர் கூறிய காரணம் எனக்குச் சரியாகப் பட்டது. தூக்கம் வரவில்லையென்றால் புரண்டுகொண்டே கிடக்காமல், எழுந்து வேறு அறைக்குப் போய் ஏதாவது படித்துவிட்டு, கண் சொருகும்போது திரும்பி வந்து படுப்பேன். இன்று நாள் முழுவதும் எத்தனை முறை கேட்டது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இதை எழுதும்போது கேட்கிறது, ஏனென்றால் இதைப் பற்றி எழுதுகிறேன்.

மதுரை வாசகர்:

பொதுவாகப் பேசும்போது ஒன்றை விட்டுவிடக் கூடாது என்பதால் இடையில் வருகிறேன். என் தந்தைக்கு வந்த இரைச்சல் சில்வண்டு போன்றதன்று. நாடித் துடிப்போடு சேர்ந்து ‘ஹுஷ் ஹுஷ்’ என்று ஒரு காதில் மட்டும் கேட்டது. அதையும் பழகிக்கொள்ளலாம் என்று ஆறு மாதம் விட்டுவிட்டோம். பிறகு இரத்தக்குழாய்ப் படம் எடுத்ததில், மூளையின் உறையில் தமனியும் சிரையும் முறையின்றி இணைந்திருப்பது தெரிந்து, சிகிச்சைக்குப் பின் சத்தமே நின்றுவிட்டது. நாடியோடு துடிக்கும் இரைச்சல், ஒரு பக்கம் மட்டும் வருவது, ஒரு காது மற்றதைவிட மந்தமாவது, முகத்தில் தொடுவுணர்வு மாறுவது ஆகியவற்றை உடனே காட்ட வேண்டும். திடீரென ஒரு காது கேட்காமல் போனால் அன்றே ஓட வேண்டும். ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரங்களுக்குள், எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

ஆய்வுகளைத் தொடர்ந்து படிப்பவர்:

மருந்து இல்லை என்ற பதிலோடு நிறுத்தினால் ஆராய்ச்சியே நடக்கவில்லை என்ற எண்ணம் வந்துவிடும். உலக அளவில் பெரியவர்களில் ஏறத்தாழ 14 சதவீதம் பேர் காதிரைச்சலை உணர்ந்திருக்கிறார்கள் என்றும், சுமார் 2 சதவீதம் பேருக்கு அது கடுமையானது என்றும் 2022இல் வந்த ஒரு தொகுப்பாய்வு மதிப்பிட்டது. இவ்வளவு பேருக்கு இருக்கும் ஒன்றுக்கு ஏன் மருந்து வரவில்லை என்று கேட்டால், முதல் சிக்கல் அதை வெளியிலிருந்து அளக்கும் கருவி இல்லாததுதான். எலியிடம் உனக்குக் காது இரைகிறதா என்று கேட்க முடியாது. தொடர்ந்து ஒலிக்கும் சத்தத்தில் சிறு இடைவெளி விட்டு, அதை எலி கவனிக்கிறதா என்று பார்க்கும் முறை 2006இல் வந்தது. இரைச்சல் உள்ள எலிக்கு அந்த அமைதி நிரம்பிப்போய்த் தெரியாது என்பது எண்ணம். அது உண்மையில் இரைச்சலைத்தான் அளக்கிறதா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. மனிதர்களிடமோ, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தரும், மருந்தே இல்லாத போலி மருந்துக்கே பலருக்குச் சற்றுக் குறைகிறது. நடுக்காதில் ஊசி வழியாகச் செலுத்திப் பார்த்த ஓடிஓ-313 என்ற மருந்து 2022இல் போலி மருந்தைத் தாண்ட முடியாமல் கைவிடப்பட்டது.

நம்பிக்கை தரும் பாதை இரட்டைத் தூண்டல். அயர்லாந்தில் உருவான லெனியர் என்ற கருவி, காதில் ஒலியையும் நாக்கில் மெல்லிய மின்தூண்டலையும் ஒரே நேரத்தில் தருகிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023 மார்ச்சில் அதற்கு அனுமதி அளித்தது. 2020இல் வந்த அதன் பெரிய ஆய்வில் 326 பேர் இருந்தும், போலிச் சிகிச்சை பெற்ற குழு என்று ஒன்று இல்லாததால் என் ஐயம் முழுதும் தீரவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சூசன் ஷோர் குழு கழுத்து அல்லது கன்னத்தில் தூண்டல் கொடுத்து 99 பேரிடம் செய்து 2023இல் வெளியிட்ட சோதனை இந்த வகையில் கட்டுப்பாடு மிக்கது. அதில் இரைச்சலின் உரப்பே குறைந்ததாகக் கண்டார்கள். ஆனால் தாடையையோ கழுத்தையோ அசைத்தால் இரைச்சல் மாறுகிறவர்களை மட்டுமே அதில் சேர்த்திருந்தார்கள்.

ஆடியோகிராம் நன்றாக இருந்தும் இரைச்சல் இருப்பவர்களுக்கு, 2023இல் பாஸ்டனில் லிபர்மன், மெய்சன் ஆகிய கேட்டல் ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வு முக்கியமானது. சாதாரணக் கேட்டல் ஆய்வில் அகப்படாத கேட்டல் நரம்பு இழப்பு அத்தகையோரிடம் இருப்பதற்கான அடையாளங்களை அது காட்டியது. இழந்த நரம்பிணைப்புகளை மீட்கும் மருந்துகளைத் தேடுவதற்கு இது ஒரு காரணமாக நிற்கிறது.

பல்லடம் தறிக்காரன்:

அனைவருக்கும் நன்றி. பதினொரு தறி உவமை எனக்குச் சட்டென்று புரிந்தது. வினாப்பட்டியலை வாங்கி நிரப்பினேன், 62 வந்தது. அம்மா சொன்னபடி நான்கு இரவுகளாகப் பின்னணி ஒலி வைத்துப் படுக்கிறேன். தூக்கம் முன்னைவிடச் சீக்கிரம் வருகிறது, ஆனால் விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பழைய கதைதான். ஓர் ஐயம்: குடோனில் நான் காதில் கழிவுப் பஞ்சைத் திணித்துக்கொள்கிறேன், அது போதுமா? பல்லைக் கடித்தால் என் சத்தமும் சற்று உயர்கிறது, அது கெட்ட அறிகுறியா?

கேட்டலியலாளர்:

பஞ்சு போதாது, ஐயா. அது ஒலியை மிகக் குறைவாகவே தடுக்கிறது. நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபெல் என்கின்றன. அமெரிக்காவின் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனம் 85 என்று கூறி, ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரத்தைப் பாதியாக்கச் சொல்கிறது. அந்தக் கணக்கில் 97 டெசிபெல் உள்ள இடத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் வெறுங்காதோடு நிற்கக் கூடாது. நுரைப்பஞ்சு அடைப்பானை விரல்களால் மெல்லியதாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து நுழைத்து, அது விரியும்வரை அழுத்திப் பிடியுங்கள். குடோனை விட்டு வெளியே வந்ததும் கழற்றிவிடுங்கள். அம்மாவின் அனுபவம் காட்டுவது அதைத்தான். உங்களிடம் வேலை செய்பவர்களுக்கும் வாங்கிக் கொடுங்கள்.

பல்லைக் கடிக்கும்போது மாறுவது பலருக்கும் உண்டு, கெட்ட அறிகுறியன்று. தாடை, கழுத்து நரம்புகள் கேட்டல் பாதையோடு கலப்பதால் வருவது. தாடை மூட்டில் வலி இருந்தால் மட்டும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். 62 மதிப்பெண் கடுமையான பிரிவில் வருகிறது என்பதால், அறிவுசார் நடத்தைச் சிகிச்சை தெரிந்த உளவியலாளரைத் தள்ளிப்போடாமல் பாருங்கள். மூன்று மணி விழிப்பை அவரிடமே முதலில் சொல்லுங்கள். காதொலிக் கருவி உங்களுக்கு இப்போது தேவையா என்பதை மறு ஆடியோகிராம் பார்த்து முடிவு செய்யலாம். அதற்குப் போகும் முன் குறைந்தது 14 மணி நேரம் தறிச்சத்தம் காதில் படாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றைய தற்காலிக மந்தமும் கணக்கில் சேர்ந்துவிடும். எனவே தறி நிற்கும் நாளுக்கு மறுநாள் காலையில், குடோனுக்குள் நுழையாமல் நேராகப் போய் எடுத்துவிடுங்கள்.