அவுட்லுக் மேக்ரோ பாதி மடல்களைத்தான் அழிக்கிறது, ஏன்?

அச்சகத்துத் தம்பி:
யாழ்ப்பாணத்தில் கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஓர் அச்சகத்தில் பக்க வடிவமைப்புச் செய்கிறேன். எங்களுக்கு வருவதில் பாதிக்கு மேல் அந்தியேட்டிக் கல்வெட்டுகள், அதாவது இறந்தவர் நினைவாக 31ஆம் நாள் சடங்குக்கு அச்சிடுகிற சிறு புத்தகங்கள். அன்று காலையில் புத்தகம் வீட்டுக்காரர் கையில் இருக்க வேண்டும். கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிற பிள்ளைகள் படங்களை மின்னஞ்சலில் அனுப்புவார்கள். ஒரே படம் மூன்று பேரிடமிருந்து வரும். இப்போது மின்னஞ்சல் பார்க்கிற அவுட்லுக் மென்பொருள் திறக்கவே நேரம் எடுக்கிறது.

ஆறு மாதத்துக்கு முந்திய மடல்களை 'முடிந்தது' என்ற கோப்புறையில் ஒதுக்கி, எல்லாவற்றையும் அழிக்க, ஒவ்வொன்றாக எடுக்கிற 'ஃபார் ஈச்' சுற்றுப் போட்டு மேக்ரோ (அவுட்லுக்குக்குள் ஓடுகிற சிறு நிரல்) எழுதினேன். 640 மடல் இருந்தது. ஓடவிட்டால் 320 மிச்சம். திரும்ப ஓட்டினால் 160, பிறகு 80. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. வேறொரு கோப்புறையில் ஓட்டினால் 'டைப் மிஸ்மேட்ச்' (வகை பொருந்தவில்லை) என்று நடுவில் நிற்கிறது. எங்கே பிழை விட்டேன்?

கோண்டாவில் அண்ணை:
தம்பி, வரிசையில் முதலாவது ஆளை அனுப்பிவிட்டால் இரண்டாவது ஆள் முதலாம் இடத்துக்கு வந்துவிடுவார். சுற்று அதைக் கவனியாமல் இரண்டாம் இடத்துக்குப் போய்விடும். அதனால்தான் ஒன்றுவிட்டு ஒன்று தப்புகிறது. கடைசியிலிருந்து எண்ணி வாருங்கோ: ஐ என்ற எண்ணை மொத்த மடல் எண்ணிக்கையான 'ஐட்டம்ஸ் கவுன்ட்'டில் தொடங்கி 1 வரைக்கும், 'ஸ்டெப்' கழித்தல் 1. அழிக்காமல் வேறு கோப்புறைக்கு நகர்த்தினாலும் இதே கதைதான்.

கொக்குவில் அக்கா:
அந்த 'டைப் மிஸ்மேட்ச்' வேறு விஷயம். மாறியை 'மெயில் ஐட்டம்' என்று அறிவித்திருப்பீர்கள். போய்ச் சேராத மடலின் அறிவிப்பு, கூட்ட அழைப்பு எல்லாம் வேறு வகை. 'ஆப்ஜெக்ட்' என்று அறிவித்து, 'கிளாஸ்' 43 தானா (அதுதான் சாதாரண மடலின் வகை எண்) என்று முதலில் பாருங்கோ. திகதியும் பார்ப்பதென்றால் இரண்டையும் ஒரே வரியில் 'அன்ட்' போட்டு இணைக்க வேண்டாம். மேக்ரோ எழுதுகிற மொழியான விபிஏ இரண்டு பக்கத்தையும் எப்படியும் பார்க்கும், கிடைத்த நேரம் என்ற பண்பே இல்லாத அறிவிப்பில் நின்றுவிடும். ஓர் 'இஃப்'புக்குள் இன்னோர் 'இஃப்' போடுங்கோ.

இன்னொன்று: அழிக்கிற வரியை முதல் நாள் எடுத்துவிட்டு, திகதியையும் தலைப்பையும் மட்டும் 'டீபக் பிரின்ட்' பண்ணிப் பட்டியலாகப் பாருங்கோ. பிறகு அழிக்கலாம்.

அச்சகத்துத் தம்பி:
அக்கா, நல்ல காலம் சொன்னீர்கள். பட்டியலில் தலைப்பில்லாத மடல் ஒன்று. திறந்தால் ஓர் அம்மாவின் அடையாள அட்டைப் படம், ஓரத்தில் முத்திரை பாதி விழுந்திருக்கிறது. "மற்றப் படமெல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டது, இதுதான் இருக்கு" என்று மகன் எழுதியிருக்கிறார். அதை வேறு இடத்தில் பத்திரப்படுத்தி அவருக்கும் திருப்பி அனுப்பினேன். இப்படியான மடல்கள் இன்னும் நான்கு அகப்பட்டன. பிறகு கடைசியிலிருந்து எண்ணி ஓட்டினேன், ஒரே தடவையில் எல்லாம் போய்விட்டது.

ஆனால் மடல்களெல்லாம் சேமித்திருக்கிற பிஎஸ்டி கோப்பின் அளவு குறையவே இல்லையே?

கோண்டாவில் அண்ணை:
குறையாது. மேக்ரோ அழித்தவை இப்போது 'டெலிட்டட் ஐட்டம்ஸ்' கோப்புறையில்தான் கிடக்கின்றன. ஒரு கிழமை விட்டுப் பார்த்து, யாரும் படம் கேட்டு வராவிட்டால் அதையும் வெறுமையாக்குங்கோ. அப்புறம் கணக்கு அமைப்பில் 'டேட்டா ஃபைல்ஸ்' போய், அந்தக் கோப்பின் 'செட்டிங்ஸ்' உள்ளே 'கம்பாக்ட் நவ்' அழுத்துங்கோ. புதிய அவுட்லுக்குக்கு மாறச் சொல்லிக் கேட்டால் இப்போதைக்கு வேண்டாம், அதில் விபிஏ ஓடாது.